சின்ன விமானத்தை லேண்டிங்ல கைநழுவ விடாம இறக்குறது எப்படி: ஃபைனல்ல இருந்து டாக்ஸிவே வரைக்கும்

செஸ்னா 152, 172 மாதிரி விமானத்துல ரன்வேயைச் சுத்திச் சர்க்யூட் அடிச்சு லேண்டிங் பழகிட்டு இருக்கறவங்களுக்காக இதை எழுதறேன், அதுலயும் பெங்களூர் ஜக்கூர் மாதிரி கிட்டத்தட்ட 3000 அடி உயரத்துல இருக்கற சின்ன ரன்வேல பழகற நம்ம பசங்களை மனசுல வச்சு. விமானம் ரன்வேயை விட்டு ஓரமா இழுத்துட்டுப் போறது, குதிச்சு குதிச்சு நோஸ் வீல் உடையறது, இறக்கை தரையில உரசறது, இதெல்லாம் வீல் பட்ட அந்த ஒரு செகண்ட்ல நடந்த மாதிரிதான் வெளியில இருந்து பாக்கறவங்களுக்குத் தெரியும். பக்கத்து சீட்ல உக்காந்து பாத்தா அது ஒண்ணு ஃபைனல்லயே, அதாவது ரன்வேக்கு நேரா இறங்கி வர்ற கடைசிப் பகுதியிலயே ஆரம்பிச்சிருக்கும், இல்லன்னா வீல் பட்டதும் "அப்பாடா முடிஞ்சுது"ன்னு கையும் காலும் தளர்ந்த இடத்துல ஆரம்பிச்சிருக்கும். அதனால வரிசையை மாத்தாம படிங்க. படிச்சதை உங்க இன்ஸ்ட்ரக்டரோட உக்காந்துதான் செஞ்சு பாக்கணும், தனியா வேண்டாம்.

1. எஞ்சின் ஸ்டார்ட் பண்றதுக்கு முன்னாடி

முதல்ல சீட். ஒவ்வொரு தடவையும் அதே உயரம், அதே தூரம். ஃப்ளேர் பண்றப்ப, அதாவது தரைக்குப் பக்கத்துல நோஸைத் தூக்கி இறங்கற வேகத்தைக் குறைக்கறப்ப, ரன்வே கண்ணுக்கு எப்படித் தெரியுதுங்கறதை வச்சுத்தான் உயரத்தை எடை போடறோம், சீட் ரெண்டு இன்ச் கீழ போனா அந்தக் காட்சியே மாறிடும், நேத்து நல்லா இறக்கினவன் இன்னைக்கு ஏன் திணறான்னு தேடினா பாதி நேரம் சீட்டுதான் காரணம். ரட்டர் பெடலை (நோஸை இடம் வலமா திருப்பக் காலால அமுக்கறது) முழுசா அமுக்கினாலும் முட்டி கொஞ்சம் மடங்கி இருக்கணும். சீட் லாக் ஆயிடுச்சான்னு முன்னும் பின்னும் ஒரு ஆட்டு ஆட்டிப் பாருங்க, செஸ்னால சீட் தண்டவாளத்துல வழுக்கி பின்னாடி போனா யோக்கையும் (கையில பிடிக்கற ஸ்டியரிங்) சேர்த்து இழுத்துடுவீங்க.

அடுத்தது நம்பர். உங்க விமானத்தோட ஹேண்ட்புக்ல இருக்கற நம்பர்தான் வேதம், ஃப்ரெண்ட் சொன்னது இல்ல. 172 எஸ்ல முழு ஃப்ளாப்போட (இறக்கையோட பின்பக்கம் கீழ இறங்கற தகடு) அப்ரோச் 60ல இருந்து 70 நாட்ஸ், ஃப்ளாப் இல்லாம 65ல இருந்து 75. 152ல முழு ஃப்ளாப்புக்கு 55ல இருந்து 65. இதுல ஒரு நம்பரை இன்ஸ்ட்ரக்டரோட பேசி முடிவு பண்ணிட்டு நீ-போர்டுல (தொடையில கட்டிக்கற எழுத்துப் பலகை) எழுதி வச்சுக்கோங்க.

ஆல்டிமீட்டர்ல இன்னொரு விஷயம், க்யூஎன்எச், அதாவது கடல் மட்டத்துல இருந்து உயரத்தைக் காட்டற செட்டிங் வச்சா ஜக்கூர் தரையிலயே கிட்டத்தட்ட 3000 காட்டும், அப்ப தரையில இருந்து 300 அடிங்கறது முள்ளுல 3300. சென்னைப் பக்கம் கடல் மட்டத்துல பழகிட்டு இங்க வர்றவங்க இதுல கண்டிப்பா ஒரு தடவை தடுமாறுவாங்க, அதனால அந்த 3300ஐயும் எழுதி வைங்க.

2. இறங்கறதுக்கு முன்னாடி கோ-அரவுண்ட் பழகுங்க

கோ-அரவுண்ட்னா இறங்கறதைக் கைவிட்டுட்டு திரும்ப மேல ஏறறது. எல்லாரும் இதைக் கடைசியில வைப்பாங்க, நான் முன்னாடி வைக்கறேன். திரும்ப ஏறத் தெரியாதவன்தான் மோசமான லேண்டிங்கையும் எப்படியாவது முடிச்சிடலாம்னு விடாம பிடிச்சுத் தொங்குவான். ஏறத் தெரியும்ங்கற தைரியம் இருந்தா தப்பை சீக்கிரம் ஒத்துக்க மனசு வரும்.

வரிசை இதுதான். த்ராட்டில் முழுசா, அவசரமா குத்தாம ஆனா தயங்காம. அதே நேரத்துல வலது ரட்டர். அதே நேரத்துல யோக்கை முன்னாடி அழுத்திப் பிடிக்கணும், ஏன்னா இவ்வளவு நேரம் மெதுவான ஸ்பீடுக்கு நோஸ் மேல தூக்கற மாதிரி ட்ரிம் வச்சிருக்கீங்க, முழு பவர் குடுத்ததும் நோஸ் வானத்தைப் பாக்கப் பாயும், விட்டா நேரா ஸ்டால்தான், இறக்கை தூக்கற வலுவை இழந்துடும். 172 எஸ்ல ஃப்ளாப்பை உடனே 20 டிகிரிக்கு எடுக்கணும், 20ல நிறுத்தணும். 60 நாட்ஸ் வந்து விமானம் நிஜமாவே ஏறுதுன்னு தெரிஞ்ச பிறகு 10, அப்புறம் முழுசா மேல. மொத்த ஃப்ளாப்பையும் ஒரே இழுப்புல எடுத்தா தூக்கிட்டு இருந்த லிஃப்ட் பட்டுன்னு குறைஞ்சு விமானம் தரைக்கே திரும்ப உக்காரும்.

வலது கால் எதுக்குன்னா, முழு பவர்ல மெதுவான ஸ்பீடுல ப்ரொப்பெல்லர் நோஸை இடது பக்கம் இழுக்கும். இடது பக்கக் காத்தும் இருந்தா ரெண்டும் சேர்ந்து இழுக்கும். ரன்வேக்கு இடது பக்கப் புல்லுல போய் நின்ன ட்ரெய்னிங் விமானங்களோட கதையைக் கேட்டுப் பாருங்க, பவர் குடுத்தாங்க, காலைக் குடுக்கலங்கறது அதுல அடிக்கடி வரும்.

பெங்களூர்ல இதுல ஒரு கூடுதல் கஷ்டம் இருக்கு. ஏப்ரல் மதியம் 33 டிகிரின்னு வச்சுக்கோங்க, 3000 அடியில ஸ்டாண்டர்ட் டெம்பரேச்சர் 9 டிகிரிதான், ஒவ்வொரு டிகிரிக்கும் சுமார் 120 அடி கூட்டினா டென்சிட்டி ஆல்டிட்யூட் (அந்தக் காத்தோட அடர்த்திக்கு விமானம் உணர்ற உயரம்) 5900 கிட்ட வந்துடும். டர்போ இல்லாத எஞ்சின் அங்க கடல் மட்டத்துல குடுக்கறதுல ஆறுல ஒரு பங்கு குறைச்சுதான் குடுக்கும். அதாவது ஏறும், ஆனா மெதுவா ஏறும், அதனால முடிவை லேட்டா எடுக்கறதுக்கு இங்க இடமே இல்ல. மிக்ஸ்சரையும் (எரிபொருளும் காத்தும் கலக்கற அளவு) கண்ணை மூடிட்டு முழு ரிச்சுக்குத் தள்ளாதீங்க, இந்த உயரத்துல உங்க விமானத்துக்கு என்ன செட்டிங்னு செக்லிஸ்ட் சொல்லுதோ அதை டவுன்விண்ட்லயே (ரன்வேக்குப் பக்கத்துல, இறங்கற திசைக்கு எதிரா பறக்கற பகுதி) வச்சுடுங்க. கார்புரேட்டர் ஹீட் இருக்கற விமானம்னா கோ-அரவுண்ட்ல அதையும் உள்ள தள்ளணும்.

3. காத்துக் கணக்கு

டவர் சொல்ற திசைக்கும் ரன்வே திசைக்கும் எவ்வளவு வித்தியாசம்னு பாருங்க. 15 டிகிரின்னா காத்து வேகத்துல கால் பங்கு கிராஸ்விண்ட் (பக்கவாட்டுக் காத்து), 30ன்னா பாதி, 45ன்னா முக்கால், 60க்கு மேல முழுசும்னு வச்சுக்கோங்க. மனசுக்குள்ளயே போட்டுடலாம்.

ரன்வே 26, அதாவது 260 டிகிரி திசை, காத்து 230ல இருந்து 12 நாட்ஸ். 30 டிகிரி வித்தியாசம், 6 நாட்ஸ், பழகறதுக்கு நல்ல காத்து. அதே ரன்வேக்கு 200ல இருந்து 16 வந்தா 60 டிகிரி வித்தியாசம், மனக்கணக்குல முழு 16, துல்லியமா போட்டா 14 கிட்ட நிக்குது. 172 எஸ்ல ஹேண்ட்புக் காட்டற கிராஸ்விண்ட் 15, 152ல 12. அது பழக்கப்பட்ட டெஸ்ட் பைலட் செஞ்சு காட்டின நம்பர், ஸ்டூடண்டுக்கான நம்பர் இல்ல. உங்க சோலோ லிமிட் அதுக்கு ரொம்பக் கீழதான் இருக்கும், இருக்கவும் வேணும்.

ஜூன்ல இருந்து செப்டம்பர் வரைக்கும் இங்க மேற்கு, தென்மேற்குக் காத்து விடாம அடிக்கும், மதியம் ஆக ஆக கஸ்டும் (திடீர்னு வேகம் கூடற காத்து) சேர்ந்துக்கும். அதனாலதான் காலைல 7 மணி ஸ்லாட்டுக்கு அடிச்சுக்கறோம். கஸ்ட் இருந்தா காத்துக்கும் கஸ்டுக்கும் உள்ள வித்தியாசத்துல பாதியை அப்ரோச் ஸ்பீடோட சேருங்க, 10 நாட்ஸ் காத்து கஸ்ட் 20ன்னா 5 கூட்டணும். அதுக்கு மேல ஒரு நாட் கூட "சேஃப்டிக்கு"ன்னு சேர்க்காதீங்க, காரணம் அடுத்த படியில வருது.

4. ஃபைனல்: ஸ்பீடு, சென்டர்லைன், ஒரே புள்ளி

பேஸ்ல (ஃபைனலுக்கு முன்னாடி ரன்வேக்குக் குறுக்கா வர்ற பகுதி) இருந்து ஃபைனலுக்குத் திரும்பறப்பவே கவனம் வேணும். 26க்கு லெஃப்ட் சர்க்யூட்ல வர்றப்ப காத்து தென்மேற்கா இருந்தா பேஸ்ல அது முதுகுல பிடிச்சுத் தள்ளும், சென்டர்லைனைத் தாண்டிடுவீங்க. அப்ப புதுசா வர்றவங்க பேங்கை (சாய்வை) அதிகமாக்கப் பயந்து இடது ரட்டரை அமுக்கி நோஸை மட்டும் இழுத்துத் திருப்புவாங்க. மெதுவான ஸ்பீடுல அப்படி ஸ்கிட் பண்ணிட்டே யோக்கையும் இழுத்தா உள்பக்க இறக்கை முதல்ல ஸ்டால் ஆகி விமானம் சுழல ஆரம்பிக்கும், அந்த உயரத்துல மீட்க இடம் கிடையாது. தாண்டிட்டா தாண்டட்டும், 30 டிகிரி பேங்குக்கு மேல போகாம வந்து சேருங்க, இல்லன்னா கோ-அரவுண்ட்.

ஃபைனல்ல ரன்வேல ஒரு புள்ளியை எடுத்துக்கோங்க. கண்ணாடியில அந்தப் புள்ளி அசையாம நின்னா அங்கதான் போறீங்க, மேல ஏறினா முன்னாடியே விழப் போறீங்க, கீழ இறங்கினா தாண்டிப் போகப் போறீங்க. ஸ்பீடு நோஸ்ல, உயரம் த்ராட்டில்ல, ரெண்டையும் சின்னச் சின்னதா.

65க்குப் பதிலா 75ல வந்தா 10தானே கூடன்னு தோணும். எனர்ஜி ஸ்பீடோட வர்க்கத்துல ஏறும், அப்ப மூணுல ஒரு பங்கு கூட எனர்ஜி, அதெல்லாம் ரன்வே மேல மிதந்துதான் கரையணும். மிதக்க மிதக்க காத்து ஓரமா தள்ளும், பையன் பொறுமை இழந்து விமானத்தை வலுக்கட்டாயமா தரையில அமுக்குவான், நோஸ் வீல் முதல்ல படும், பௌன்ஸ். நான் பாத்த மோசமான லேண்டிங்ல பெரும்பாலும் இதே சங்கிலிதான்.

இன்னொண்ணு, இந்த உயரத்துல அந்த ஏப்ரல் மதியத்துல மீட்டர்ல 65 இருந்தா நிஜ ஸ்பீடு 71 கிட்ட. தரை வேகமா ஓடற மாதிரி தெரியும். அதைப் பாத்துட்டு பவரைக் குறைக்காதீங்க, மீட்டரை நம்புங்க, விமானம் பறக்கறது மீட்டர்ல காட்டற ஸ்பீடை வச்சுத்தான். வெயில் நேரத்துல ரோடும் கான்கிரீட்டும் இருக்கற பக்கம் தூக்கும், ஏரிப் பக்கம் இறக்கும், அதுக்கும் கை தயாரா இருக்கணும்.

300 அடியில, அதாவது முள்ளுல 3300ல, நாலு கேள்வியை வாய்விட்டுக் கேளுங்க. ஸ்பீடு 5 நாட்ஸுக்குள்ள இருக்கா, சென்டர்லைன்ல இருக்கேனா, ஃப்ளாப் முடிஞ்சுதா, புள்ளி அசையாம நிக்குதா. ஒண்ணுக்கு "இல்ல"ன்னு வந்தாலும் கோ-அரவுண்ட், விவாதம் வேண்டாம். வாய்விட்டுச் சொல்லச் சொல்றதுக்குக் காரணம், மனசுக்குள்ள கேட்டா மனசு நமக்குச் சாதகமாவே பதில் சொல்லும்.

5. கிராப்ல இருந்து இறக்கை சாய்ச்சு இறங்கறது

ஃபைனல்ல நோஸைக் காத்துப் பக்கம் திருப்பி வச்சு கிராப்ல வர்றது வசதியா இருக்கும், ஆனா அப்படியே தரையில வைக்க முடியாது, வீல் ஒரு பக்கம் பாக்கும், விமானம் இன்னொரு பக்கம் போகும், டயரும் லேண்டிங் கியரும் பக்கவாட்டுல அடி வாங்கும், அந்த உதையிலயே விமானம் திரும்பிடும்.

அதனால இடது பக்கக் காத்துன்னா, வலது ரட்டரால நோஸை ரன்வேக்கு நேரா கொண்டு வாங்க, யோக்கை இடது பக்கம் திருப்பி, அதாவது இடது அய்லரானால, இடது இறக்கையைச் சாய்ச்சு ஓரமா போறதை நிறுத்துங்க. ரட்டரோட வேலை நோஸ் நேரா பாக்கறது, அய்லரானோட வேலை சென்டர்லைன்ல நிக்கறது, இந்த ரெண்டு வேலையையும் குழப்பிக்காதீங்க. பழகற காலத்துல இதை 200, 300 அடியிலயே ஆரம்பிச்சுடுங்க, எவ்வளவு கால் எவ்வளவு கை வேணும்னு உடம்புக்குத் தெரிய நேரம் கிடைக்கும். ரட்டரை முழுசா அமுக்கியும் நோஸ் நேரா வரலன்னா அன்னைக்குக் காத்து உங்களுக்கு மேல இருக்குன்னு அர்த்தம், வேற ரன்வே, வேற நேரம்.

யோக்கை எப்படிப் பிடிக்கறீங்கன்னும் பாருங்க. விரல் முட்டி வெளுக்கற அளவுக்குப் பிடிச்சா கைக்கு எதுவும் தெரியாது, ஒவ்வொரு திருத்தமும் டபுளா போகும். கட்டை விரலும் ரெண்டு விரலும் போதும். இன்னொரு கை த்ராட்டில்லயே இருக்கணும்.

6. ஃப்ளேர்

கண்ணு எங்கங்கறதுதான் இங்க எல்லாம். ஹோசூர் ரோட்ல பைக் ஓட்டறப்ப முன் வீலைப் பாத்துட்டா ஓட்டறோம், தூரத்துலதானே பாக்கறோம், அதே மாதிரி ரவுண்ட் அவுட், அதாவது நோஸைத் தூக்கி நேராக்கறது, ஆரம்பிச்சதும் பார்வை ரன்வேயோட கடைசிக்குப் போயிடணும். நோஸுக்கு முன்னாடி இருக்கற தாரைப் பாத்தா அது மங்கலா ஓடும், உயரம் புரியாது, பயத்துல சீக்கிரமே இழுத்துடுவீங்க.

தரையில இருந்து ஒரு இறக்கை அகலத்துக்குள்ள, 172ல சுமார் 36 அடி, வந்ததும் கிரவுண்ட் எஃபெக்ட் (தரைக்குப் பக்கத்துல இறக்கைக்குக் கிடைக்கற கூடுதல் தாங்கல்) தாங்க ஆரம்பிக்கும். அங்க பவரை ஐடிலுக்கு எடுத்துட்டு, விமானத்தை இறக்க முயற்சி பண்ணாம இறங்க விடாம பிடிக்க முயற்சி பண்ணுங்க, ஸ்பீடு குறையக் குறைய கொஞ்சம் கொஞ்சமா யோக் பின்னாடி வரும், கடைசியில அதுவா உக்காரும், மெயின் வீல்ல. கிராஸ்விண்ட்ல காத்துப் பக்க மெயின் வீல் முதல்ல, அப்புறம் மத்தது, கடைசியா நோஸ். ஒரே ஒரு வீல்ல இறங்கறதைப் பாத்துப் பயந்து கடைசி நேரத்துல இறக்கையை நேராக்கறவங்க நிறைய பேர், நேராக்கின அந்தச் செகண்டே காத்து ஓரமா தள்ளிடும்.

7. பலூன் ஆனா, குதிச்சா

ஃப்ளேர்ல அதிகமா இழுத்து மேல ஏறினா அது பலூன். கொஞ்சமா இருந்தா இழுக்கறதை நிறுத்தி அப்படியே பிடிங்க, திரும்பவும் இறங்க ஆரம்பிக்கறப்ப கொஞ்சம் பவர், மறுபடி ஃப்ளேர். தரையில பட்டுக் குதிச்சாலும் இதேதான். ரெண்டுலயும் செய்யவே கூடாதது ஒண்ணு இருக்கு, நோஸை முன்னாடி தள்றது.

தள்ளினா என்ன ஆகும்னா நோஸ் வீல் முதல்ல படும், அது விமானத்தை இன்னும் மேல உதைக்கும், நீங்க இழுப்பீங்க, லேட்டா இழுப்பீங்க, விமானம் உங்களுக்கு எதிர்ப்பக்கம் போயிட்டு இருக்கும், திரும்பத் தள்ளுவீங்க, ஒவ்வொரு குதியும் முந்தினதை விடப் பெருசு. ரெண்டாவது மூணாவது குதியில நோஸ் கியர் மடங்கி ப்ரொப்பெல்லர் தார்ல அடிக்கும். அதனால என் விதி, முதல் குதி சின்னதா இருந்தா பிடிச்சு இறக்கலாம், பெருசா இருந்தா அப்பவே முழு பவர், ரெண்டாவது குதிக்கு காத்திருக்கவே கூடாது.

8. வீல் பட்ட பிறகு

இந்தப் படிதான் ரொம்ப முக்கியம், இதைத்தான் யாரும் பழகறதில்ல.

ஒரு பொண்ணு, நல்லா பறக்கற பொண்ணு, இடது பக்கக் காத்துல அழகா மெயின் வீல்ல இறக்கினா. "இறங்கிடுச்சு சார்"னு சொல்லிட்டு யோக்கை விட்டு கை நேரா ஃப்ளாப் லிவருக்குப் போச்சு. அய்லரான் நடுவுக்கு வந்துடுச்சு, இடது இறக்கை லேசா எழும்புச்சு, நோஸ் இடது பக்கம் திரும்ப ஆரம்பிச்சு ரன்வே ஓர லைட் கண்ணாடியில நடுவுக்கு வந்துடுச்சு. "கால்மா, வலது கால்"னு சொல்லிட்டே நானும் பெடலை அமுக்கி யோக்கை இடது பக்கம் திருப்பினதும்தான் நேரா வந்துச்சு.

ஏன் அப்படி ஆகுதுன்னா, 50 நாட்ஸ்ல உருளற விமானம் பாதி இன்னும் பறந்துட்டுதான் இருக்கு. இறக்கையில லிஃப்ட் இருக்கு, வீல் மேல முழு எடை வரல, பிடிப்பு இல்ல. பின்னாடி இருக்கற வால் காத்தைப் பிடிச்சு நோஸைக் காத்துப் பக்கமே திருப்பும். அதனால வீல் பட்டதும் அய்லரானைத் தளர்த்தாம, ஸ்பீடு குறையக் குறைய இன்னும் அதிகமாக்குங்க, டாக்ஸி ஸ்பீடுக்கு வர்றப்ப காத்துப் பக்கம் முழுசா திரும்பி இருக்கணும், ஏன்னா ஸ்பீடு குறைஞ்சா அய்லரானுக்கு வலு குறையும். ரட்டர் சென்டர்லைனுக்காக கடைசி வரைக்கும் வேலை செய்யணும், சின்னச் சின்ன அழுத்தமா, பெருசா ஒரு உதை வேண்டாம்.

நோஸ் வீலை மெதுவா இறக்குங்க, யோக்கைப் பட்டுன்னு விடாம. பைப்பர் மாதிரி விமானத்துல நோஸ் வீல் பெடலோட நேரடியா இணைஞ்சிருக்கும், ரட்டர் அமுக்கின நிலையில நோஸ் வீல் பட்டா அந்தப் பக்கமே வெட்டித் திரும்பும், அதனால அது படற நேரத்துல பெடலை நடுவுக்குக் கொண்டு வரணும். மெயின் வீல்ல எடை இல்லாம நோஸ் வீல்ல எடையைப் போட்டு ஓடினா விமானம் அந்த ஒத்தை வீலைச் சுத்தித் திரும்பப் பாக்கும், அப்ப யோக்கைப் பின்னாடி இழுத்து எடையை மெயின் வீலுக்கு மாத்தணும்.

பிரேக் பெடலோட மேல் பக்கம் இருக்கு, அதனால இறங்கறப்ப குதிகால் தரையில, பாதத்தோட முன்பக்கம் ரட்டர்ல மட்டும். பாதம் மேல ஏறி இருந்தா தெரியாமலே ஒரு பக்க பிரேக்கோட இறங்குவீங்க, டயர் தேஞ்சு வெடிக்கலாம், அந்தப் பக்கமே இழுத்துட்டும் போகும். பிரேக்கை மூணு வீலும் பட்டு நேரா ஓடற வரைக்கும் தொடாதீங்க.

ஃப்ளாப்பு, லைட்டு, ரேடியோ, தண்ணி பாட்டிலு எல்லாம் ரன்வேயை விட்டு வெளிய வந்து நின்ன பிறகு. வால் வீல் விமானத்துக்கு எப்பவாவது மாறினீங்கன்னா இது இன்னும் கடுமை, அதுல எடையோட மையம் மெயின் வீலுக்குப் பின்னாடி இருக்கு, திரும்ப ஆரம்பிச்சா அதுவே மேல மேல திருப்பிக் கிரவுண்ட் லூப் ஆயிடும், நிக்கற வரைக்கும் கால் ஓயக் கூடாது.

9. அடி பலமா விழுந்திருந்தா

கோ-அரவுண்ட் போய் திரும்ப அழகா இறங்கிட்டோம்னு விஷயத்தை அப்படியே விட்டுடாதீங்க. பார்க் பண்ணி எஞ்சினை ஆஃப் பண்ணுங்க, இன்ஸ்ட்ரக்டர்கிட்டயும் எஞ்சினியர்கிட்டயும் சொல்லுங்க, டெக் லாக்ல ஹார்ட் லேண்டிங்னு எழுதுங்க. திட்டு விழும்னு பயந்து சொல்லாம விட்டா அடுத்த சர்க்யூட்டுக்கு அதே விமானத்துல ஏறப் போறது உங்க கூடப் படிக்கற இன்னொருத்தர்.

நோஸ் வீல் முதல்ல பட்டிருந்தா செஸ்னால எஞ்சினுக்கும் கேபினுக்கும் நடுவுல இருக்கற ஃபயர்வால் தகடு சுருங்கி மடிப்பு விழுந்திருக்கான்னு எஞ்சினியர் பாக்கணும், நோஸ் ஸ்ட்ரட்ல ஆயில் கசியுதா, டயர் பக்கவாட்டுல வெட்டு இருக்கான்னும். ப்ரொப்பெல்லர் நுனியில லேசா தார் உரசின தடம் தெரிஞ்சாலும் யாரும் ஸ்டார்ட் பண்ணக் கூடாது, நுனி மடங்கினது மட்டும் விஷயம் இல்ல, அந்த அடி உள்ள கிராங்க்ஷாஃப்ட் வரைக்கும் போயிருக்கும், எஞ்சினைப் பிரிச்சுப் பாத்துட்டுத்தான் அந்த விமானம் திரும்பப் பறக்கணும்.